ஆடத் தெரியாதவளும் ஆயிரம் டாலர் துப்பாக்கியும்

துப்பாக்கி சுடும் போட்டின்னு சொன்னா நம்ம மக்களுக்கு உடனே ஞாபகம் வர்றது ஒலிம்பிக்ஸ்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கம், 2012 லண்டனில் விஜய் குமாரின் வெள்ளி, ககன் நாரங்கின் வெண்கலம், 2024 பாரிஸில் மனு பாக்கர்னு வரிசையா ஒப்பிச்சிடுவோம். அந்தப் போட்டிகளில் சுடுறவர் ஒரே இடத்தில் நிற்பார். குறியும் அவருக்கு எதிரே அதே தூரத்தில் இருக்கும். நான் இங்கே சொல்லப் போறது வேற ஜாதி விளையாட்டு. இதில் ஓடணும், சுவர் மாதிரி வெச்சிருக்கும் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுடணும், நடுவில் மேகசின் மாத்தணும். இவ்வளவுக்கும் இடுப்பில் இருக்கிற உறையிலிருந்து துப்பாக்கியை உருவும் நொடியிலிருந்து கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். பிராக்டிகல் ஷூட்டிங்னு பேர். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியாங்கிற ஊரில் கூடிப் பேசி ஐ.பி.எஸ்.சி.ன்னு உலக அமைப்பை ஆரம்பிச்சாங்க. ஜெஃப் கூப்பர் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம், இந்த மூணும்தான் கொள்கை. அமெரிக்காவில் 1984-ல் யு.எஸ்.பி.எஸ்.ஏ. வந்தது. இங்கே வார இறுதிகளில் ஊர் ஊருக்கு நடக்கிற போட்டிகளில் பெரும்பாலானவை அந்த விதிப்படிதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். புதுசா இந்த ஆட்டத்துக்கு வர்ற பசங்க பலரும் முதல் ஆறு மாசத்தில் செய்யும் வேலை, பொருள் வாங்குறது. துப்பாக்கியை மாத்துவாங்க, அப்புறம் ட்ரிக்கரை மாத்துவாங்க, அதுக்கும் மேலே சிவப்புப் புள்ளி சைட், வாசல் அகலமான மேகசின் கிணறுன்னு போய்க்கிட்டே இருக்கும். ஸ்கோர் மட்டும் நகராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்ன கதைதான். என் கட்சி இது: முதல் ரெண்டு வருஷத்துக்கு துப்பாக்கி உங்க பிரச்சினையே இல்லை. சும்மா வாய்ச்சொல்லுக்கு இதைச் சொல்லலை. இந்த ஆட்டத்தின் மதிப்பெண் கணக்கே இதைத்தான் சொல்லுது.

கணக்கு ரொம்ப எளிது. அட்டைக் குறியில் ஏ, சி, டி-ன்னு மூணு பகுதி. 9 மி.மீ. துப்பாக்கியோட சாதாரணமா ஆடுற 'மைனர்' கணக்கில் ஏ-க்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1. குறியே தவறினா 10 கழியும். வந்திருக்க வேண்டிய 5-ம் போச்சு, ஆக மொத்த நஷ்டம் 15. கிடைச்ச புள்ளியை எடுத்துக்கிட்ட நொடியால் வகுத்தா வர்றது ஹிட் ஃபேக்டர். அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். அவ்வளவுதான்.

இப்ப கூப்பர் உருவாக்கின 'எல் பிரெசிடென்ட்'டையே எடுத்துக்குவோம். 10 கெஜத்தில் மூணு குறி. முதுகைக் காட்டி நின்னு, சத்தம் கேட்டதும் திரும்பி, துப்பாக்கியை உருவி, குறிக்கு ரெண்டா ஆறு, மேகசின் மாத்தி மறுபடி ஆறு. மொத்தம் 12 தோட்டா, 60 புள்ளி.

முதல் ஆள் நிதானமானவர். 12-ம் ஏ, நேரம் 10 நொடி. ஹிட் ஃபேக்டர் 6. ரெண்டாவது ஆள் 7 ஏ, 5 சி, நேரம் 8 நொடி. 50-ஐ 8-ஆல் வகுத்தா 6.25. மூணாவது ஆள் சூறாவளி. 7 நொடியில் முடிச்சிட்டார், ஆனா 6 ஏ, 5 சி, ஒண்ணு தவறிப் போச்சு. 30-ம் 15-ம் 45, அதில் 10 போனா 35. வகுத்தா வெறும் 5. அதிவேகமா சுட்டவர் கடைசி. ஒரு சி கூட விழாம சுட்டவரும் முதல் இல்லை.

இந்த மூணு பேரில் யாருக்காவது விலை உயர்ந்த துப்பாக்கி கொடுத்தா வரிசை மாறுமா? யோசிங்க. முதல் ஆள் துப்பாக்கியை உருவுறதில் ஒரு நொடி, மேகசின் மாத்துறதில் ஒரு நொடி குறைச்சு, அதே மாதிரி சுட்டா 60-ஐ 8-ஆல் வகுக்கலாம், 7.5. ரெண்டாவது ஆளைத் தூக்கிச் சாப்பிட்டுடுவார். அந்த ரெண்டு நொடியும் ஒரு தோட்டா கூடச் செலவழிக்காம ராத்திரி வீட்டிலேயே சம்பாதிக்கக்கூடியது.

பெரிய ஸ்டேஜ்களில் இது இன்னும் பளிச்னு தெரியும். அதிகபட்சம் 32 தோட்டா. 16 குறி, குறிக்கு ரெண்டு, அஞ்சு இடத்தில் நின்னு சுடணும்னு வெச்சுக்குங்க. ஒரே குறியில் ரெண்டு தோட்டாவுக்கும் நடுவே 0.25 நொடி எடுக்கிறவர், மெல்லிய ட்ரிக்கர் போட்டு 0.20-க்கு வந்துட்டார்னே வைப்போம். 16 தடவைக்குச் சேமிப்பு 0.8 நொடி. அதே ஆள் ஒரு இடத்தில் கடைசித் தோட்டா போன அதே கணம் கால் எடுத்து, அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே கொண்டு வந்துட்டா, ஒரு நகர்வுக்கு அரை நொடி மிச்சம். நாலு நகர்வுக்கு ரெண்டு நொடி! முதலாவது கடையில் கிடைக்கும். ரெண்டாவது எந்தக் கடையிலும் கிடைக்காது.

"துல்லியமான துப்பாக்கி வேணாமா?"ன்னு கேட்பீங்க. ஏ பகுதி சுமார் 15 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். பெட்டியிலிருந்து எடுத்த எந்த உருப்படியான 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் 25 கெஜத்தில் அதுக்குள்ளே தாராளமா அடங்கும். அடங்காதது நம்ம கை.

அப்ப கையில் என்ன செய்யணும்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மூணே விஷயம்.

ஒண்ணு, பிடி. ராப் லேதமும் பிரையன் ஈனோஸும் 1980-களின் தொடக்கத்தில் பரவலாக்கின முறைதான் இன்னிக்கும் களத்தில் நிற்குது. ரெண்டு கையும் சமமா முன்னே நீட்டி, ரெண்டு கட்டை விரலும் குறியைப் பார்த்து. இதில் புதுசா வர்றவங்க கோட்டை விடுற இடம், சுடுற கையை இறுக்குறது. அந்தக் கையை இறுக்கினா ட்ரிக்கர் விரலும் கூடவே விறைச்சுப் போகும். இறுக்க வேண்டியது மத்த கையை. உதைப்பை அடக்குறது அதோட வேலை, விரலுக்குச் சுதந்திரம் கொடுக்கிறது இதோட வேலை.

ரெண்டு, ட்ரிக்கர். வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் உடம்பு முன்கூட்டியே துப்பாக்கியைக் கீழே தள்ளும். வலது கைக்காரங்களுக்குத் தோட்டா பெரும்பாலும் இடப்பக்கம் கீழே போய் விழறது இதனால்தான். "சைட் சரியில்லை"ன்னு திருகு முடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. நண்பர்கிட்ட மேகசினைக் கொடுத்து, நடுநடுவே போலித் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்க. போலி வர்ற இடத்தில் வெடிக்காது, ஆனா துப்பாக்கி முனை மட்டும் தானா ஒரு கும்பிடு போடும். அந்தக் கும்பிடு நிற்கிற வரைக்கும் சைட்டைத் தொடாதீங்க.

மூணு, கண். ஈனோஸ் 1990-ல் எழுதின புத்தகத்தில் இதை விரிவா பேசியிருக்கார். ஒவ்வொரு குறிக்கும் தேவைப்படுற பார்வை வேற. 5 கெஜத்தில் திறந்து நிற்கிற அட்டைக்கு, துப்பாக்கி குறியின் நடுவில் இருக்குன்னு தெரிஞ்சா போதும். 25 கெஜத்தில், சுடக்கூடாத அட்டை பாதி மறைச்சு நிற்கிற குறிக்கு, முன் சைட் பின் சைட் பள்ளத்தில் சமமா உட்கார்ந்ததைப் பார்த்தே ஆகணும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி பார்க்கிறவர் ஒண்ணு நேரத்தை விடுவார், இல்லே புள்ளியை விடுவார்.

இந்த மூணில் முக்கால்வாசியைத் தோட்டா இல்லாத துப்பாக்கியில் பழகலாம். டிரை ஃபயர்னு சொல்வாங்க. தினமும் 15 நிமிஷம் போதும். டைமரில் ஒரு நேரம் வெச்சு, ரெண்டாவது பீப் வர்றதுக்குள்ளே உருவிக் குறி பார்க்கிறது, மேகசின் மாத்துறது. உதைப்பு இல்லாததால ட்ரிக்கரை அழுத்தும்போது சைட் ஆடுறது அப்படியே தெரியும். ரேஞ்சில் அந்தச் சத்தத்திலும் புகையிலும் இது தெரியாது. ஒரு கட்டளை மட்டும் மீறக் கூடாதது: நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கி, மேகசின் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாருங்க. முடிச்சதும் "முடிஞ்சது"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு திரும்ப எடுக்கிறதுதான் ஆபத்து.

இப்ப பொருள் பக்கம். நான் சாமியார் இல்லை, வாங்க வேண்டியதை வாங்கித்தான் ஆகணும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு முதல். அடுத்தது பெல்ட். உள்ளே ஒண்ணு, அதன் மேலே ஒட்டிக்கிற விறைப்பான வெளி பெல்ட் ஒண்ணு. பெல்ட் ஆடினா உறை ஆடும், உறை ஆடினா ஒவ்வொரு தடவையும் கை வேற இடத்தில் போய் விழும். பிறகு ட்ரிக்கரை முழுசா மூடுற கெட்டியான உறை, நாலைஞ்சு மேகசின், அதுக்கான பைகள், ஒரு டைமர். மேகசின் ஒவ்வொண்ணிலும் நம்பர் எழுதி வைங்க. சிக்கல் வரும்போது எல்லாரும் துப்பாக்கியைத் திட்டுவாங்க. நம்பர் இருந்தா '3-ம் நம்பர் மேகசின்தான் திருடன்'னு தெரிஞ்சிடும் :-)

தோட்டா 9 மி.மீ. போதும். மைனருக்கு வேண்டிய பவர் ஃபேக்டர் 125. தோட்டா எடையை கிரெயினில் எடுத்து, நொடிக்கு எத்தனை அடி வேகமோ அதால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கணும். 124 கிரெயின், 1050 அடின்னா 130.2. தேறிடும்.

துப்பாக்கியில் வித்தியாசமே இல்லைன்னு சாதிக்க மாட்டேன். கிளாக் 34 காலியா முக்கால் கிலோ சொச்சம். சி.இசட். ஷேடோ 2 சுமார் 1.3 கிலோ. கனமானது கம்மியா எகிறும், சந்தேகமே இல்லை. ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு. பல பிரிவுகளில் ஷேடோ 2-ஐ சுத்தியல் இறங்கின நிலையில்தான் தொடங்கணும். முதல் அழுத்தம் நீளம், ரெண்டாவதிலிருந்து குட்டை. ரெண்டு ட்ரிக்கர் பழகணும். தவிர, சுத்தியலைப் பத்திரமா இறக்கிவிடும் நெம்புகோல் அதில் கிடையாது. தோட்டா நிரம்பின துப்பாக்கியில் விரலால் பிடிச்சு மெதுவா இறக்கணும். வழுக்கி வெடிச்சா போட்டியிலிருந்து அன்னிக்கே வெளியே. புதுசா வந்தவர் முதல் போட்டியில் ஒரு கூட்டத்துக்கு முன்னாடி கை நடுங்க இதைச் செய்யணுமான்னு கேட்டுக்கணும். அதே காசுக்கு சுமாரான ஒரு பழைய துப்பாக்கியும் ரெண்டாயிரம் மூவாயிரம் தோட்டாவும் வாங்கிடலாம்.

"உலக சாம்பியன்கள் எல்லாம் உசத்தியான துப்பாக்கிதானே வெச்சிருக்காங்க?" ஆமா. எரிக் கிராஃபெல் அளவுக்குச் சுடுறவங்களுக்கு அந்த 0.8 நொடிதான் மிச்சம் இருக்கு, மத்ததை எல்லாம் ஏற்கெனவே பிழிஞ்சு எடுத்துட்டாங்க. நமக்கு இன்னும் பத்து நொடி பாக்கி கிடக்கு. பத்து ரூபாய் கீழே கிடக்கும்போது பைசாவைத் தேடி ஏன் அலையணும்?

இன்னொண்ணும் சொல்லணும். மாணவர் உதவித்தொகையில் வாழுற ஆளுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. பொருள்தான் ஆட்டம்னு நம்பிட்டா, "நமக்குக் கட்டுப்படியாகாது"ன்னு முதல் மாசமே ஓடிப் போயிடுவோம். பயிற்சிதான் ஆட்டம்னு புரிஞ்சுட்டா, பணக்காரனுக்குப் பக்கத்தில் நின்னு அவனை விட நல்லா சுட முடியும். டைமருக்கு யார் பர்ஸில் என்ன இருக்குன்னு தெரியாது. இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த நியாயம்தான்.

மாற்றுக்கருத்து உள்ள மக்கள் கணக்கோட வாங்க, பேசலாம்.

டிஸ்கி: அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. நடுவண் சட்டப்படி குடியேறாத விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுக்கிறதும் இதில் சேர்த்தி. சில விதிவிலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வெச்சிருக்கிறது அதில் ஒண்ணு. மாநிலச் சட்டமும் பல்கலைக்கழக விடுதி விதியும் தனி. ஒரு வக்கீலைக் கேட்டுட்டு, அதுக்கப்புறம் பெல்ட் வாங்கப் போங்க.