சர்வைவர்ஸ் ரீமேக்: தீக்குச்சியைத் தொலைத்த கதை

ரீமேக் எடுக்கிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு வசனம் பேசுவார்கள். "இன்றைய ரசிகர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறோம்." இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைய ரசிகர்கள் என்று இவர்கள் சொல்வது யாரை? நம்மைத்தான். நமக்கு யோசிக்கத் தெரியாது, பொறுமை கிடையாது, ஒரு வில்லனைக் கண்ணில் காட்டாவிட்டால் சேனலை மாற்றிவிடுவோம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அதை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. எடுத்துக்கொண்ட உதாரணம் பிபிசியின் 'சர்வைவர்ஸ்' சீரியல்.

பார்க்காதவர்களுக்காகச் சின்ன முன்கதை. 1975 ஏப்ரலிலிருந்து 1977 ஜூன் வரை மூன்று சீசன், 38 எபிசோடு வந்தது. உருவாக்கியவர் டெர்ரி நேஷன். 'டாக்டர் ஹூ'வில் வரும் டாலெக்குகளை உண்டாக்கிய அதே ஆள். ஒரு கொள்ளைநோயில் உலகமே கிட்டத்தட்டக் காலியாகிவிடுகிறது. தப்பித்த கொஞ்சப் பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் கதை. மகனைத் தேடி அலையும் ஆபி, கிரெக் என்ற இன்ஜினியர், ஜென்னி என்ற இளம்பெண், இந்த மூன்று பேர்தான் ஆரம்பத்தில் முக்கியம்.

நோய் எப்படி வந்தது? டைட்டில் ஓடும்போதே காட்டிவிடுகிறார்கள். லேப்பில் ஒருவர் கையிலிருந்து குடுவை நழுவி உடைகிறது. அப்புறம் விமானம், பாஸ்போர்ட்டில் முத்திரை மேல் முத்திரை. முடிந்தது. டைட்டில் முடிவதற்குள் 'யார் செய்தது' என்ற கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார் நேஷன்.

முதல் எபிசோடில் மகன் படித்த ஹாஸ்டல் பள்ளிக்கு ஆபி போகிறாள். பையன் இல்லை. வயதான ஆசிரியர் ஒருவர் மட்டும் இருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான். கடைகளில் மிச்சம் கிடப்பதைத் தின்று கொஞ்ச நாள் ஓட்டலாம். அது தீர்ந்த பிறகு? நாம் தினமும் புழங்கும் பொருள் எதையாவது அடியிலிருந்து செய்யத் தெரிந்தவர் நம்மில் யார்? மொத்த சீரியலும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் நேராக மண்டையில் அடிக்கும். ஏனென்றால் இது தீப்பெட்டி ஆபீஸ்களின் ஊர். ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சிக்கு மென்மரம் வேண்டும். அது கரிசலில் வளராது, பெரும்பாலும் கேரளாவிலிருந்து லாரியில் வரவேண்டும். குச்சியின் தலையில் இருக்கும் மருந்துக்குப் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. குச்சி நின்று எரிய மெழுகு. பெட்டியின் பக்கத்தில் உரசுகிற இடத்துக்குச் சிவப்புப் பாஸ்பரஸ். அப்புறம் அட்டை, லேபிள். குச்சி அடுக்க ஒரு கை, மருந்து முக்க ஒரு கை, பெட்டியில் அடைக்க ஒரு கை. இத்தனையும் சேர்ந்து 14 வருஷம் 1 ரூபாய்க்கு விற்றது. 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது.

பி.காம். பாடத்தில் இதற்குப் பெயர் டிவிஷன் ஆஃப் லேபர். 1776-ல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையை வைத்துச் சொன்னது. ஆளுக்கு ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்தால் உற்பத்தி பல மடங்கு பெருகும் என்று எழுதி நாமும் மார்க் வாங்கிவிட்டோம். அதன் மறுபக்கத்தை எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு வேலை மட்டும் தெரிந்தால், சங்கிலி அறுந்த அன்றைக்கு ஒருத்தருக்கும் ஒரு குச்சி கொளுத்தத் தெரியாது. 1975-ல் ஒரு டிவி சீரியல் இதைக் கேட்டது. அதுதான் அதன் பெருமை.

இப்போது ரீமேக்குக்கு வருவோம். 2008 நவம்பரில் பிபிசியே திரும்ப எடுத்தது. எழுதி உருவாக்கியவர் ஏட்ரியன் ஹாட்ஜஸ். 12 எபிசோடு ஓடி 2010 பிப்ரவரியோடு நின்றுபோனது. நல்ல நடிகர்கள், நல்ல கேமரா. ஆனால் கதைக்குள் ஒரு லேப் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்துக் கம்பெனி, ரகசிய விஞ்ஞானிகள், ஆபியின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி, அதற்காக அவளைத் தூக்கிக்கொண்டு போவது. பழையவர் டைட்டிலிலேயே முடித்துவிட்ட விஷயத்தை இவர்கள் இரண்டு சீசனுக்கு இழுத்தார்கள். 'இனி எப்படி வாழ்வது' என்ற கேள்வி போய் 'யார் செய்தது' வந்துவிட்டது.

இதில் என்ன தப்பு, சுவாரசியம் வேண்டாமா என்று கேட்பீர்கள். தப்பு இருக்கிறது. 'யார் செய்தது' என்பது பார்க்கிற நம்மைத் தப்பிக்க விடுகிற கேள்வி. குற்றவாளி எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பான். நாம் நல்லவர்கள். பாப்கார்ன் சாப்பிடலாம். 'எப்படி வாழ்வது' என்பதோ நம் சட்டையைப் பிடிக்கிற கேள்வி.

நம்பாதவர்கள் பழைய சீரியலின் முதல் சீசனில் 'லா அண்ட் ஆர்டர்' எபிசோடைப் பாருங்கள். (கதையைச் சொல்லப் போகிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவிவிடவும்!) ஆபியின் குழு ஒரு பெரிய வீட்டில் குடியேறி விவசாயம் செய்கிறது. ஒரு பெண் கொலை செய்யப்படுகிறாள். பார்னி என்ற மனவளர்ச்சி குன்றிய ஆள் மேல் சந்தேகம். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, ஜெயிலும் இல்லை. நல்லவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள். மரண தண்டனை. கிரெக் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் தெரிகிறது, கொன்றது டாம் பிரைஸ். அதுவரை நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நாடோடி. உண்மை தெரிந்த ஆபியும் கிரெக்கும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இன்னொரு ஆளை இழக்கக் குழுவுக்கு வசதி இல்லை! 2008 ரீமேக்கில் டாம் பிரைஸ் யார் தெரியுமா? ஜெயிலில் இருந்து தப்பிக்கும் கொலைகாரன். ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். இனி யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று ரசிகனுக்குக் கஷ்டமே இல்லை. பழையதில் நாம் பயந்தது ஓட்டுப் போட்ட நல்லவர்களைப் பார்த்து.

இது ஏதோ இங்கிலாந்துக் கற்பனை என்று நினைக்க முடியவில்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவையும் மகனையும் போலீஸ் பிடித்தது. அடைக்கப்பட்டது கோவில்பட்டி கிளைச் சிறையில். உயிர் போனது கோவில்பட்டி அரசு மருத்துவமனையில். சிபிஐ விசாரித்துப் போலீஸ்காரர்கள் மேல் கொலைக் குற்றச்சாட்டு வைத்தது. வைரஸுக்குப் பயந்து நாம் ஒழுங்கை எவ்வளவு ஆசையாகக் கேட்டோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். வெளியே வந்தவனை லத்தியால் அடிக்கிற வீடியோவை வாட்ஸப்பில் சிரித்துக்கொண்டே ஃபார்வர்ட் செய்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் ரகசிய லேப்பைவிட ஆபத்தானது எது என்று கோவில்பட்டிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொரு ஆச்சரியம். 'சர்வைவர்ஸ்' ஓடிக்கொண்டிருந்த அதே 1976-ல்தான் எங்கள் பக்கத்து ஊர் இடைசெவல்காரர் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' வந்தது. தெலுங்குச் சீமையிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் பயந்து ஓடி வந்தவர்கள் காட்டை அழித்து ஊர் உண்டாக்கிய கதை. அதிலும் ஒரு பெண்ணை நகைக்காக ஒருவன் கொல்கிறான். அங்கேயும் ஊர் கூடித்தான் முடிவு செய்கிறது. கழுவில் ஏற்றுகிறார்கள். கி.ரா.வும் டெர்ரி நேஷனும் ஒருவர் பெயரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கினால் மனுஷனுக்கு முன்னால் வந்து நிற்கிற கேள்விகள் ஒன்றுதான் போல. மண், தண்ணீர், விதை, அப்புறம் தண்டனை கொடுப்பது யார்.

"இன்றைய ரசிகனுக்குப் பொறுமை இல்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன். சும்மா இருங்கள் சார். 'மெட்டி ஒலி'யை 800 எபிசோடுக்கு மேல் உட்கார்ந்து பார்த்த ஜனம் இது :) ஒரு மாமியார் வீட்டுச் சண்டையை மூன்று வருஷம் பின்தொடர முடிந்தவர்களால் ஒரு விதைப்பையும் அறுவடையையும் பின்தொடர முடியாதா? நம் வாழ்க்கையைத் தொடுகிற விஷயமாக இருந்தால் பார்ப்போம்.

ஒரே ஒரு உதாரணம், காமர்ஸ் நண்பர்களுக்காக. பழைய சீரியலின் மூன்றாவது சீசனில் 'லாங் லிவ் த கிங்' என்று ஓர் எபிசோடு. பெட்ரோலை ஆதாரமாக வைத்துப் புதிதாக நோட்டு வெளியிடுகிறார்கள். நோட்டில் இருப்பது கிரெக்கின் பெயரின் முதலெழுத்துகள். கிரெக்கோ பெரியம்மையில் செத்துப் போய்விட்டான். செத்தவன் பெயர் போட்ட காகிதத்தை ஜனங்கள் நம்பி வாங்கினால் ஒரு அரசாங்கம் பிறக்கும், வாங்காவிட்டால் இல்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டுகளோடு விழித்துக்கொண்டு நின்ற நாட்டுக்கு இது புரியாதா? பணம் என்றால் என்ன என்று ஒரு செமஸ்டர் முழுக்க மனப்பாடம் செய்ததை ஒரே எபிசோடில் சொல்லிவிட்டார்கள்.

பழையதை அப்படியே எடுத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அதிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. யாருக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டார்கள், சரி. ஆனால் பதில் சொல்ல உட்காரவைத்தது பெரும்பாலும் வசதியான வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தை. உழைக்கிற வர்க்கத்து ஆள் வந்தால் டாம் பிரைஸ் மாதிரி கோமாளியாகவோ, ஆர்தர் வார்ம்லி என்ற தொழிற்சங்கத் தலைவர் மாதிரி துப்பாக்கியோடு திரியும் அராஜகக்காரனாகவோதான் வருவான். ரீமேக்கில் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். அல் என்ற பணக்கார வாலிபனும் நஜித் என்ற முஸ்லிம் சிறுவனும் குழுவுக்குள் வந்தார்கள். அதை மனசாரப் பாராட்டலாம். ஆனால் முகங்களை மாற்றியவர்கள் கேள்வியைத் தொலைத்துவிட்டார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: கேள்வியை வைத்துக்கொண்டு, பதில் சொல்கிறவர்களை மாற்ற வேண்டும்.

அந்தச் சீரியலைக் கரிசலில் எடுங்கள் என்கிறேன். கரண்ட் போன மறுநாளே சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நின்றுவிடும். எந்தக் கிணறு உப்பு, எந்த ஊருணி சித்திரை வரை தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆர்.ஓ. கேன் வாங்கிக் குடிக்கிற நமக்கா, கிடை போட்டு ஊர் ஊராகத் திரிகிற ஆட்டுக்காரருக்கா? இன்றைக்குக் கரிசலில் பாதிக் காடு மக்காச்சோளம். வீரிய ஒட்டு விதை. விளைந்ததில் எடுத்து விதைத்தால் அதே விளைச்சல் வராது, வருஷா வருஷம் பாக்கெட் வாங்க வேண்டும். கடை இல்லையென்றால்? குதிரைவாலியும் கம்பும் குலுக்கையில் போட்டுப் பூச்சி விழாமல் காத்த பாட்டிகளில் எத்தனை பேர் மிச்சம்? தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்த அக்கா, செருப்புத் தைக்கிறவர், பானை வனைகிறவர், பிரசவம் பார்த்த கிழவி, இவர்கள்தான் அந்த உலகத்தின் பேராசிரியர்கள். நம் பி.காம். சர்டிபிகேட்டை அடுப்புப் பற்றவைக்க உபயோகிக்கலாம், அதுவும் தீக்குச்சி இருந்தால் :)

இதில்தான் உண்மையான கத்தி இருக்கிறது. கை வேலை தெரிந்தவர்களை இந்த மண் எங்கே வைத்திருந்தது? ஊருக்கு வெளியே. நாளைக்கு உலகம் அழிந்து பத்துப் பேர் மிஞ்சினால், அதில் கிணறு யாருக்கு, ஊர் கூடி ஓட்டுப் போடும்போது வட்டத்துக்குள் உட்காருவது யார், வெளியே நிற்பது யார்? 'பார்னி' என்று நாம் யாரைக் கைகாட்டுவோம்? பேரழிவோடு ஜாதி செத்துவிடுமா, இல்லை அதுதான் முதலில் எழுந்து நிற்குமா? இதைக் கேட்கத் துணிகிற ரீமேக்தான் இன்றைய ரசிகனுக்கான ரீமேக். மற்றதெல்லாம் பழைய பெயரை வைத்துச் செய்கிற வியாபாரம். வியாபாரத்தைப் படிக்கிற ஆள்தான் சொல்கிறேன், அதுகூட நல்ல வியாபாரம் இல்லை. 12 எபிசோடில் கடையை மூடிவிட்டார்கள் பாருங்கள்.

நாம் சாதாரண ஆட்கள் இல்லை. நிஜமாகவே ஒரு கொள்ளைநோயைப் பார்த்துவிட்டு வந்த தலைமுறை. பரீட்சை எழுதாமலே பாஸ் ஆன செட்டு. பஸ் ஓடாத ரோட்டையும் கதவைச் சாத்திய கடைத்தெருவையும் கண்ணால் கண்டவர்கள். நமக்காக என்று சொல்லிக் கதையை எளிதாக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குங்கள், தாங்குவோம்.

டிஸ்கி: ரீமேக்கை ரசித்தவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். ஆனால் வரும்போது ஒரே ஒரு தீக்குச்சி, அடியிலிருந்து முடிய நீங்களே செய்தது, கையோடு கொண்டு வரவும்.