முகம் இல்லாத தாய்!

"இது என்னய்யா படம்? முகத்தையே காணோமே!"

ஓவியர் எம்.எப்.உசேன் வரைந்த அன்னை தெரசா படங்களைப் பார்த்து நம்மவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்கட்டும். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்து விடுகிறார்களே, அதுதான் வருத்தம்.

நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. மடியில் ஒரு குழந்தை. முக்காட்டுக்குள் கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் இருட்டு. அவ்வளவுதான் படம்.

உசேனுக்கு முகம் வரையத் தெரியாதா? பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்த காலத்தில் சினிமா பேனர் எழுதிக் கூலி வாங்கியவர் அவர். நட்சத்திரங்களின் முகங்களை ஆள் உயரத்துக்கு மேல் எழுதிய கை அது. வேண்டும் என்றேதான் முகத்தை விட்டிருக்கிறார்.

1915-ல் பண்டரிபுரத்தில் பிறந்த அவர், கைக்குழந்தையாக இருந்தபோதே தாயைப் பறிகொடுத்தார். பெற்றவள் முகம் அவர் நினைவில் இல்லை. 2011-ல் லண்டனில் கண் மூடும் வரை அந்தக் குறை தீரவில்லை. அவருடைய வேறு சில படங்களால் வழக்கும் கசப்பும் வந்தது உண்டு. அது தனிப் பேச்சு.

முகம் இல்லாத தாய் நமக்குப் புதிதா? தாராவியிலும் சுனாபட்டியிலும் எத்தனை வீட்டுச் சுவரில் அம்மாவின் படம் இருக்கிறது? போட்டோ ஸ்டூடியோ வாசலை மிதிக்காமலே போய்ச் சேர்ந்த தாய்மார்கள் எத்தனை பேர்! வட ஆற்காட்டுப் பக்கம் பூவாடைக்காரிக்குப் படைக்கும்போது புதுச்சேலை வைத்துத்தான் கும்பிடுகிறோம். அங்கே முகம் எங்கே இருக்கிறது? சேலைதான் அம்மா. உசேன் வரைந்ததும் அதுவேதான். அந்த இருட்டில் அவரவர் தாயின் முகத்தை அவரவர் வைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

"கோடிக்கு விலை போகிற படம், கூலிக்காரனுக்கு எதற்கு?" என்பார்கள். வாங்குவதற்குத்தான் கோடி வேண்டும். பார்ப்பதற்குக் கண் போதும்.

1952 முதல் காலாகோடாவில் இருக்கிறது ஜஹாங்கீர் ஆர்ட் காலரி. உள்ளே போக டிக்கெட் கிடையாது. சுனாபட்டியில் ஹார்பர் ரயில் ஏறி வி.டி.யில் இறங்கினால் நடக்கிற தூரம். அங்கே உசேன் படமே இருக்கும் என்றில்லை. ஓவியர்களும் படங்களும் மாறிக்கொண்டே இருக்கும். வரைந்தவரே பல நாள் அங்கு உட்கார்ந்திருப்பார். புரியாததை நமக்குத் தெரிந்த இந்தியில் கேட்கலாம்.

வாசலைக் கண்டதும் நமக்குக் கால் கூசுகிறது. துரைமார் போகிற இடம் என்று நாமே ஒதுங்கிக் கொள்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கூச்சம் அவர்களுக்காவது வராமல் இருக்கட்டும்!