கதவு சாத்தாத தோட்டமும் கணக்குத் தீராத கூலியும்

வித்துராவிலிருந்து மலையேறும் பாதை போனக்காட்டில் போய் நிற்கிறது. அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். வெள்ளைக்காரன் வைத்த தேயிலை அது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார். மகாவீர் பிளாண்டேஷன்ஸ் கம்பெனியின் இத்தோட்டம், தொண்ணூறுகளின் இறுதியில் தேயிலை விலை சரியத் தொடங்கிய பின் நொடித்துப்போனது. ஃபாக்டரி இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. லயங்கள் ஒழுகுகின்றன. பழைய துரை பங்களாவில் பேய் உலவுகிறது என்று கேள்விப்பட்டு வெளியூர் இளைஞர்கள் படமெடுக்க வருகிறார்கள். கிராஜுவிட்டிக்குக் காத்திருந்து கிழடுதட்டிப்போன தொழிலாளியை யாரும் படமெடுப்பதில்லை.

பீருமேட்டிலும் 2000-ஆம் ஆண்டில் பீருமேடு டீ கம்பெனி தோட்டங்களை விட்டு நிர்வாகம் நழுவியது. இப்படி நழுவும் முதலாளி பெரும்பாலும் தோட்டத்தை முறைப்படி மூடுவதில்லை. வேலை நீக்கக் கடிதமும் தருவதில்லை. மூடினால் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நட்டஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. "பணமில்லை, நட்டம், சரக்குத் தேங்கிவிட்டது" என்பதெல்லாம் இந்த ஈட்டைக் குறைக்கப் போதிய காரணம் ஆகாது என்று அச்சட்டமே கூறியது. ஆகவேதான் கதவைச் சாத்தாமலே ஓடிப்போகிறார்கள். தொழிலாளிக்கு வேலையும் இல்லை, வேலை போனதற்கான அத்தாட்சியும் இல்லை.

கிராஜுவிட்டி இதிலிருந்து வேறானது. ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 ஆண்டு உழைத்த பெண்ணுக்கு 1,50,000 ரூபாய் வருகிறது. மூடல் நட்டஈடும் அதே அளவு சேர்ந்தால் 3 லட்சம். ஓணத்துக்கு ஓணம் அரசு தரும் உதவித்தொகையையும் அரிசியையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது சலுகை; இது பாக்கி.

"வேறு வேலைக்குப் போனால் பாக்கி போய்விடுமா?" என்று நம் குடும்பங்கள் கேட்கின்றன. போகாது. நெடுமங்காட்டில் கட்டட வேலைக்கோ, ரப்பர் வெட்டவோ, திருப்பூருக்கோ தாராளமாகப் போகலாம். உழைத்து முடித்த ஆண்டுகளின் கிராஜுவிட்டி அழியாது. ஆனால் இராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். "கணக்கு முடிக்க" என்று சொல்லி நீட்டும் வெற்றுத்தாளிலும் வேண்டாம். தானாக விலகியதாக எழுதிவிட்டால் மூடல் நட்டஈடு கை நழுவும். புதிய இடத்தில் பழைய பி.எஃப். எண்ணையே கொடுங்கள். 10 ஆண்டு சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன். அவசரத்துக்கு அத்தனையையும் எடுத்துச் செலவிட்டு, கடைசியில் ஓராண்டு குறைந்து நிற்பது கொடுமை.

கம்பெனி திவால் என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் கதை வேறு. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, கம்பெனி கலைக்கப்படும்போது முந்தைய 24 மாதக் கூலிப் பாக்கி, ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமாக நிற்கும். ஆனால் உரிமை கோரும் மனுவைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும் வரும். கேரளத்தில் அது மலையாளம். லயத்தில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? தொழிற்சங்கமே எல்லோருக்குமாக மனுச் செய்யலாம் என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு 100 பேர் வேலை செய்த தோட்டத்தை மூடவே அரசின் அனுமதி வேண்டும். இப்போது 300. ஆள்குறைப்புக்கு ஆளானவர் புதுத்தொழில் கற்க 15 நாள் கூலியை ஒரு நிதியில் கட்டச் சொல்கிறார்கள். முப்பதாண்டு கொழுந்து பறித்த கை பதினைந்து நாள் கூலியில் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளும் என்று சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உச்சநீதிமன்றத்தில் 2006-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், நீதிபதி சப்ரே குழு அசாம், மேற்குவங்கம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் தோட்டப் பாக்கியைக் கணக்கெடுத்தது. கணக்கில் ஏற வேண்டுமானால் பெயர் சரியாக இருக்க வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். சீட்டில் தகப்பன் பெயர் மாறி வேறொன்று. நம் பெண்கள் பலருக்கு இதுதான் நிலை. பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்து மருத்துவமனைச் சீட்டு, லயத்து ரேஷன் கார்டு, எதையும் எறியாதீர்கள். இறந்துபோனவரின் பாக்கிக்கு வாரிசும் மனுச் செய்யலாம். காகிதங்களைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பெயர்த் திருத்தத்துக்கும் கிராஜுவிட்டி அதிகாரிக்கும் மனு எழுதித் தருகிறோம். எழுதக் கூலி இல்லை.