சிறைச் சுவருக்கு வெளியே தேவைப்படும் தொண்டு

ஹைதராபாத் குகட்பள்ளியில் மெட்ரோ ரயில் ஏறினால், வண்டி மாறாமலே மலக்பேட்டையில் இறங்கிவிடலாம். சஞ்சல்குடா மகளிர் சிறை அங்கிருந்து தொலைவில் இல்லை. மென்பொருள் நிறுவன ஊழியர்கள் திரளாக வாழும் பகுதிக்கும், வழக்கு எப்போது முடியும் என்று தெரியாமல் பெண்கள் அடைபட்டிருக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரே ஒரு பயணச்சீட்டுதான். சிறையிலுள்ள பெண்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களில் சேர வேண்டும் என்ற ஆர்வம் இத்தகைய பகுதிகளில் வாழும் படித்தவர்களிடம் எழுவது வரவேற்கத்தக்கது. ஆனால், எந்தத் தொண்டு அந்தப் பெண்களுக்குத் தேவை என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

மகளிர் தினத்தன்று இனிப்பு, பண்டிகைக்குப் புடவை, அவ்வப்போது தையல் வகுப்பு, யோகா பயிற்சி என்பதே பல இடங்களில் சிறைத் தொண்டின் இலக்கணமாகிவிட்டது. இவை தவறல்ல, சிறைக்குள் ஒரு நாளையாவது வெளிச்சமாக்குகின்றன. ஆயினும், சிறைக் கதவைத் திறக்கும் சாவி இவற்றில் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர். அதாவது, நூற்றுக்கு நான்கு பேர். மொத்தக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்காதவர்கள். எண்ணிக்கை குறைவு என்பதே பெண்களுக்குப் பாதகமாகவும் அமைந்துவிடுகிறது. தனி மகளிர் சிறைகள் நாடு முழுவதும் நாற்பதைக்கூட எட்டவில்லை. எனவே, பெண் கைதி பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவில் அடைக்கப்படுகிறார். கணவன் சிறை சென்றால் மனைவி சோற்றுப் பொட்டலத்துடன் வாசலில் நிற்பாள். மனைவி சிறை சென்றாலோ, பல குடும்பங்கள் அவளது பெயரைச் சொல்வதையே நிறுத்திவிடுகின்றன.

இதன் விளைவு ஜாமீன் கிடைத்த பிறகுதான் முழுமையாகத் தெரிகிறது. நீதிமன்றம் விடுவிக்க உத்தரவிட்டும், பிணை நிற்க ஆளில்லாமல் உள்ளேயே இருக்க நேர்கிறது. 1978-ல் மோதிராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஓர் ஏழைக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் பிணை கேட்டதையும், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அவரது பிணையை ஏற்க மறுத்ததையும் கண்டித்த அவர், ஒரு தமிழரோ தெலுங்கரோ சாந்தினி சௌக்கில் கைதானால் உள்ளூர்ப் பிணைக்கு எங்கே போவார் என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை.

சட்டத்தில் வழிகள் இல்லாமல் இல்லை. பெண்களுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அளித்திருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால், விதிவிலக்கான சில வழக்குகள் தவிர, அவரைப் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வகை செய்கிறது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் 2023-ம் ஆண்டுத் திட்டம், ஜாமீனுக்கு ரூ.40,000 வரையும், அபராதம் கட்ட ரூ.25,000 வரையும் உதவ முன்வந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாள்களாகியும் வெளிவர முடியாதவரின் நிலையை விசாரிக்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணையச் செயலர் சமூகப் பணியாளர்களின் உதவியைப் பெறலாம் என்று அத்திட்டத்தின் வழிகாட்டுதலே கூறுகிறது.

தொண்டர்களுக்கான இடம் இங்கேதான் இருக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதியில் மூன்றில் ஒரு பங்குக் காலம் முடிகிறது, யாருடைய ஜாமீன் உத்தரவு எங்கே தேங்கியிருக்கிறது, யாருடைய குடும்பத்தைத் தேடிப் பிடித்தால் பிணை கிடைக்கும் என்ற கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும். கணினியில் ஆயிரம் பணிகளின் காலக்கெடுவைக் கண்காணிக்கத் தெரிந்த குகட்பள்ளி இளைஞருக்கு இது கைவந்த கலை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் இயங்காது. ஓய்வு நாளில் மட்டும் செய்யும் தொண்டு, ஓய்வு நாளில் செய்யக்கூடியதோடு நின்றுவிடும். மாதம் ஒருமுறை விடுப்பு எடுத்து நீதிமன்றத்தில் காத்திருக்கும் ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறை இனிப்பு வழங்கும் நூறு பேரைவிட மேலானவர்.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அதே 2022 கணக்கின்படி, 1,537 தாய்மார்களுடன் 1,764 குழந்தைகள் சிறைகளில் வளர்ந்துகொண்டிருந்தனர். ஆந்திரப் பிரதேச அரசுக்கு எதிராக ஆர்.டி. உபாத்யாய் தொடுத்த வழக்கில், 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. அதன்படி, ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். அதன் பிறகு தாயின் விருப்பப்படி உறவினரிடமோ, காப்பகத்திலோ ஒப்படைக்கப்பட வேண்டும். ஆறாவது பிறந்த நாள் மற்றக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். இந்தக் குழந்தைக்கோ அது பிரிவு நாள். அந்தப் பிரிவுக்குப் பிறகு குழந்தை பள்ளிக்குச் செல்கிறதா, தாயைச் சந்திக்க அழைத்து வரப்படுகிறதா என்று பார்க்க, சுவருக்கு வெளியே ஒருவர் வேண்டும்.

முன்னுதாரணங்கள் இருக்கின்றன. லண்டன் நியூகேட் சிறையில் எலிசபெத் ஃபிரை 1817-ல் அமைத்த பெண்கள் சங்கம், கைதிகளின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியது. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1990-ல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டம், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைச் சிறைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் அனுப்புகிறது. திகார் அனுபவத்தைத் தொடர்ந்து கிரண் பேடி 1994-ல் நிறுவிய அறக்கட்டளை, கைதிகளின் பிள்ளைகளுடைய கல்வியை ஏற்றுக்கொண்டது. தொடர்ச்சியும் பயிற்சியுமே இவற்றின் பலம்.

அரசு செய்ய வேண்டியதைத் தொண்டர்கள் ஏன் செய்ய வேண்டும் என்ற வாதம் எழலாம். நியாயமான வாதமே. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். பொறுப்பு மாநில அரசுகளுடையது. தொண்டர்களைக் காட்டி அரசு கைகழுவ இடம் தரக்கூடாது. ஆனால், வெளியார் கண் படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2017-ல் மும்பை பைகுலா சிறை காட்டியது. அங்கு ஒரு பெண் கைதி இறந்த வழக்கில், சிறைப் பணியாளர்கள் ஆறு பேர் மீதே கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டித் தொண்டர்களைத் தடுப்பதைவிட, பயிற்சியும் அடையாள அட்டையும் தந்து, புகைப்படத்துக்காக வருபவர்களை மட்டும் தடுப்பதே சிறைத் துறைக்கு அழகு.

தொண்டர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை. உள்ளே இருப்பவர் என்ன குற்றம் செய்தார் என்று கேட்பது அவர்கள் வேலையல்ல. அதைத் தீர்மானிக்க நீதிமன்றம் இருக்கிறது. அவளுக்காக வெளியே யார் இருக்கிறார்கள் என்று கேட்பதே அவர்கள் வேலை. யாருமில்லை என்ற பதில் வந்தால், அங்கிருந்துதான் தொண்டு தொடங்க வேண்டும்.