விருந்தினர் செலவு யார் கணக்கில்?

பேராதனையிலும் கண்டி மாநகரிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகளுக்கு ஆண்டுதோறும் மாணவ விருந்தினர் வந்துபோகின்றனர். ஐரோப்பாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வரும் வைத்திய மாணவர் ஒரு சாரார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு இணைப்பதற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வேண்டி நிற்கும் நம் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மற்றொரு சாரார். இவர்கள் சில வாரங்கள் தங்கி, வைத்திய நிபுணரின் பின்னே வார்டுகளைச் சுற்றி, அவருடைய ஆராய்ச்சிக்கான வினாக்கொத்துகளை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்படுகின்றனர். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதபடியால் இவர்களால் எவருக்கும் செலவும் இல்லை என்பது இவர்களை அழைத்து உபசரிப்போர் சொல்லும் நியாயம். ஒருநாளும் கணக்குப் பார்க்கப்படாத நியாயம் இது. இன்று கணக்குப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். கல்விக்கு நாம் எதிரிகள் அல்லர். அந்நியர் வந்து நம் நாட்டு நோய்களைக் கண்டு கற்பதை வெறுப்பவரும் அல்லர். தமிழருக்கு வைத்திய விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து தந்தவரே ஓர் அந்நியர்தாம். 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் அமர்ந்து என்ன செய்தார்? நோயாளி பேசும் மொழியைத் தாம் கற்றார். ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மாணவரைப் பயிற்றி வைத்தியராக்கினார். தாம் அந்தியேட்டியாக வந்த மண்ணுக்கு அவர் வைத்த காணிக்கை அது. இன்றைய விருந்தினர் அனைவரும் கிறீன் ஆகவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆறு வாரத்தில் தமிழ் படித்துவிட முடியாது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் ஆறு வாரத்தில் தமிழ் படிக்க முடியாதவர், தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளியின் கட்டிலருகே எந்த நாவைக்கொண்டு வினா எழுப்புகின்றார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

நாவலப்பிட்டி வைத்தியசாலைக்கு வருவோரில் தோட்ட மக்கள் எத்தனை பேர் என்பதை அவ்வூர்ச் சந்தைக்கு வரும் விவசாயியும் அறிவார். தொலஸ்பாகை மலையிலிருந்தும் கொத்மலைப் பக்கத்திலிருந்தும் வட்டவளையிலிருந்தும் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் வந்து இறங்குகின்றனர். நோய் கடுமையாயின் பேராதனைக்கோ கண்டிக்கோ அனுப்பப்படுகின்றனர். அங்கே அவர்கள் நோயாளர் மட்டுமல்லர். ஆராய்ச்சிக்கு உகந்த பொருளும் ஆகின்றனர். இரத்தசோகை, குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை, நீரிழிவு, விவசாயிகளைப் பீடிக்கும் சிறுநீரக நோய் என்று ஆராய்ச்சிக்கு விடயம் தேடுவோருக்கு மலையகமும் வயற்புறமும் வற்றாத ஊற்றுகள்.

அண்மையில் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர். மாகாணத்து வைத்தியசாலை ஒன்றில், அதன் பெயர் இங்கு வேண்டாம், சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். அங்கே இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரு கொழும்புப் பிள்ளையும் வந்து கையை அளந்தார்கள், வயிற்றைத் தொட்டார்கள், நெடுநேரம் வினவினார்கள், ஒரு தாளிலே பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள் என்றார். எதற்கு என்று கேட்டோம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டதாகச் சொன்னார். அவருக்குச் சத்திரசிகிச்சையே நடக்கவில்லை! வினாக்களை எவர் தமிழில் சொன்னார் என்று கேட்டோம். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் சொன்னாளாம். பாடசாலைச் சிறுமி ஒருத்தி, மற்றொரு பெண்ணின் கருப்பத்தைப் பற்றியும் கருச்சிதைவைப் பற்றியும் வெள்ளைக்காரருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறாள்!

இது ஒரு தனி நிகழ்ச்சி, இதைக்கொண்டு எல்லாரையும் பழிக்கலாகாது என்பார்கள். எல்லாரையும் பழிப்பது நம் எண்ணமன்று. பேராதனை வைத்திய பீடத்தில் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு உண்டு. நாட்டில் இத்தகைய குழுக்களின் மன்றமும் உண்டு. தமிழ்ப் படிவம் எங்கே என்று அக்குழுக்கள் கேட்கின்றன என்பதும் உண்மை. குற்றம் குழு கூடும் அறையிலே இல்லை, கட்டிலருகே இருக்கிறது. குழுவுக்கு முன் செல்லும் ஆராய்ச்சிக்குப் படிவம் உண்டு. மாணவ விருந்தினர் செய்வதோ 'கற்றல்' என்ற பெயரில் நடக்கிறது. கற்றலுக்குக் குழு வேண்டியதில்லை, படிவம் வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை. எட்டு வாரங் கழித்து அதே குறிப்புகள் ஒரு கட்டுரையின் அட்டவணைக்குள் நுழைந்தால் அப்போது அது ஆராய்ச்சி ஆகிவிடுகிறது. வாசல் ஒன்றிலே நுழைந்து மறுவாசலாலே வெளியேறும் இந்தக் கெட்டித்தனத்தைச் சட்டத்தரணிகள் நன்கு அறிவார்கள். தீர்வை கட்டாமல் சரக்கு இறக்குவோரும் அறிவார்கள்.

சம்மதம் என்பது உபசார வார்த்தை அன்று. 1947ஆம் ஆண்டு நியூரம்பர்க்கில் நாசி வைத்தியர்கள் தண்டிக்கப்பட்ட தீர்ப்பிலே, ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதன் தானாக விரும்பி அளிக்கும் சம்மதம் இன்றியமையாதது என்று விதிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு உலக வைத்தியச் சங்கம் ஹெல்சிங்கியில் செய்த பிரகடனமும் இதையே வற்புறுத்தியது. 1966ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 7ஆவது உறுப்புரை, சுயேச்சையான சம்மதமின்றி எவரையும் வைத்திய, விஞ்ஞானப் பரிசோதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. இலங்கை அரசாங்கம் 1980ஆம் ஆண்டிலேயே அதில் சேர்ந்துகொண்டது. விளங்காத மொழியிலே கேட்கப்பட்டதற்கு வைத்த பெருவிரல் அடையாளம் எந்த நீதிமன்றத்தில் சம்மதமாகும்? பத்து ரூபாய்க் கடன் பத்திரத்துக்கும் வாசித்து விளங்கப்படுத்திய சாட்சி கேட்கும் நாடு இது.

மலையகத்தாருக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தோட்டந் தோட்டமாகத் தொழிலாளர் மருந்து குடிக்கச் செய்யப்பட்டனர். கொடுத்த மருந்து செனப்போடியம் எண்ணெய். புழுவைக் கொல்லும், அளவு மிஞ்சினால் மனிதனையும் கொல்லக்கூடியது. அனுமதி யாரிடம் பெறப்பட்டது? துரைமாரிடம்! புழு ஒழிந்ததா? மலசலகூடம் இல்லாத லயத்திலே மருந்தால் வெளியேறிய புழு, அடுத்த மழைக்கு வெறுங்கால் வழியே திரும்பி ஏறியது. விருந்தாளிகள் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போனார்கள். லயம் லயமாகவே இருந்தது. அவ்வியக்கத்தால் நன்மையே விளையவில்லை என்று சொல்லமாட்டோம். சொல்வது இது: தோட்டத் தொழிலாளியின் உடலுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவனைத் தவிர மற்றெல்லாருக்கும் உண்டு என்ற பழக்கம் துரை போனபின்னும் போகவில்லை.

அடுத்து, அந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வருவோம். சில இடங்களில் இது பக்கத்துக் கட்டில் சிறுமியின் தலையிலும், சில இடங்களில் தமிழ் பேசும் சிற்றூழியரின் தலையிலும் விழுகிறது. இன்னுஞ் சில இடங்களில், உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி 'அனுபவம் பெறலாம்' என்று வரவழைக்கப்படுகிறாள். அவளும் மாணவ விருந்தினர்தான். அவளுக்கும் சம்பளம் இல்லை. காலை எட்டு மணி தொடங்கி மாலைவரை அவள் நாவினாலேயே ஆராய்ச்சி நடக்கிறது.

நாவலப்பிட்டி ரயில்வே ஊர். 1874ஆம் ஆண்டு புகையிரதம் அங்கு வந்து சேர்ந்தது முதல், மலையேறும் வண்டிக்கு இயந்திரம் ஏற்பாடு செய்யும் இடமும் அதுவே. ஆகவே ரயில்வே வழக்கு ஒன்றை அவ்வூரார்க்குச் சொன்னால் விளங்கும். 1947ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் போர்ட்லண்ட் டெர்மினல் என்னும் ரயில்வே கம்பனியின் வழக்கு வந்தது. கம்பனி வேலைக்கு எடுக்குமுன் ஏறக்குறைய ஒரு வாரம் பிரேக் தொழிலைச் சம்பளமின்றிப் பயிற்றியது. பயின்றோர் தொழிலாளரா என்பதே வினா. அல்லர் என்றது நீதிமன்றம். ஏன்? அவர்கள் வழமையான தொழிலாளி எவருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. அவர்களால் கம்பனிக்கு உடனடி லாபம் ஏதும் இல்லை. சொல்லப்போனால் அவர்களைக் கண்காணிப்பதால் வேலை தடைப்படவும் கூடும். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் அதிலுள்ள அளவுகோல் நேரானது; அதனை நம் தமிழ்ப் பிள்ளைமேல் வைத்துப் பாருங்கள். அவள் இல்லாவிடில் ஆராய்ச்சி நின்றுபோகும். சம்பளம் கொடுத்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வைக்கவேண்டிய இடத்திலே அவள் நிற்கிறாள். அவள் விருந்தினர் அல்லள். சம்பளம் கொடுக்கப்படாத தொழிலாளி. வெள்ளைக்கார மாணவனோ கட்டிலருகில் நின்று பார்க்கிறான். அவன் உண்மையில் விருந்தினன்தான். ஒரே பெயரால் இருவரையும் அழைப்பதிலேதான் சூழ்ச்சி இருக்கிறது.

அவள் கையிலே நோயாளியின் ஊசி குத்திவிட்டால்? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தமோ பயிலுநர் ஒப்பந்தமோ உடையவருக்குத்தான். அவளிடம் இருப்பது 'நாளைக்கு வாருங்கள், பிள்ளை' என்ற வாய்ச்சொல். வெளிநாட்டிலிருந்து வருபவனுக்கோ பெரும்பாலும் அவனுடைய பல்கலைக்கழகமோ பயண முகவரோ காப்புறுதி எடுத்தே அனுப்புகின்றனர்.

இடம் கிடைக்கும் வழியையும் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு கண்டியிலே மாணவரைத் தங்கவைத்து வைத்தியசாலைக்கு அனுப்பும் பிறநாட்டு நிறுவனங்கள் இருந்திருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைக்கோ மாமனோ சித்தப்பாவோ வைத்தியராக இருத்தல் வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு எந்த மாமன்? சம்பளமின்றி இரண்டு மாதம் கண்டியில் அறை எடுத்துத் தங்க எந்தத் தோட்டச் சம்பளம் தாங்கும்? இதன்மேல் ஒரு விசித்திரமும் உண்டு. நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறினால் நுவரெலியா மாவட்டம். அம்மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியிலே பின்தங்கிய மாவட்டமாகச் சலுகை பெறுகிறது. கீழே நாவலப்பிட்டித் தோட்டத்துப் பிள்ளையோ கண்டி மாவட்டக் கணக்கிலே சேர்ந்து, கண்டி நகரப் பெருங்கல்லூரிகளின் பிள்ளைகளோடு போட்டியிடுகிறது. பல்கலைக்கழக வாசல் இவ்வாறு ஒடுங்கியிருக்க, பக்கவாசலான இந்த 'அனுபவமும்' பணமும் சொந்தமும் உள்ளவருக்கே என்றால், கொழுந்து பறிப்பவரின் மகள் எப்போது டாக்டராவது?

ஆம், இதிலே நம்மவரின் கையும் உண்டு. கண்டியிலும் பேராதனையிலும் உயர்பதவி வகிக்கும் தமிழ் நிபுணர்கள் எத்தனை பேர் தம் வார்டிலே தமிழ்ப் படிவம் வாசித்துக் காட்டப்படுகிறதா என்று நின்று பார்த்திருக்கின்றனர்? மருமகப்பிள்ளைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதும் பேனா, நோயாளிக்காக ஒரு வரி எழுத மறுப்பதேன்? விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று சிலர் நமக்கே பாடம் படிக்கின்றனர். சொந்தச் சோற்றைப் பகிர்ந்தால் அது விருந்தோம்பல். நோயாளியின் உடலையும் இரகசியத்தையும் எடுத்து விருந்தாளிக்குப் பரிமாறுவதோ, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை.

கட்டுப்பாடு விதித்தால் விருந்தினர் வேறு நாட்டுக்குப் போய்விடுவர், வேலைப்பளுவால் நசுங்கும் வைத்தியர்மீது இன்னொரு சுமையா என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். வைத்தியரின் வேலைப்பளு உண்மை. இலவச வைத்தியத்தை இத்தனை காலம் தாங்கி நிற்போர் அவர்களே. ஆயின் விருந்தினரை ஏற்பது அவர்களுக்கு எவரும் சுமத்திய கடமையன்று, தாமாக ஏற்றது. தாமாக ஏற்றதற்கு ஒரு தாள் எழுதுவது சுமையாகாது. அத்தாளிலே விருந்தினரின் பெயர், காலம், அவர் தொடக்கூடியது, தொடக்கூடாதது, காப்புறுதி, பொறுப்பான வைத்தியர் யாரென்பது இருக்கட்டும். விருந்தினர் நின்றால் வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமையுண்டு, சொன்னால் சிகிச்சை குறையாது என்று தமிழிலே வார்டுச் சுவரில் எழுதட்டும். வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்கும் இடங்களில் அக்கட்டணத்திலிருந்தே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளமும், தோட்டப் பாடசாலைகளிலிருந்து தெரியப்படும் பிள்ளைகளுக்குப் பயணப்படியும் கொடுக்கட்டும்.

இவை கருணை மனுக்கள் அல்ல. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும், அரச உத்தியோகத்தரோடு தமிழிலே கருமமாற்றிப் பதில் பெறும் உரிமையைத் தருகிறது. அரச வைத்தியசாலை அதற்கு விலக்கன்று. மொழியை முன்னிட்டுப் பாரபட்சம் காட்டலாகாதென்பது 12ஆவது உறுப்புரை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நிலை பற்றிய தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையிலே வைத்திருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு எழுத்திலான முறைப்பாட்டை ஏற்கிறது.

ஆகவே வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ விளங்காத தாளிலே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கப்பட்டிருந்தால், பிரதி ஒன்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் மறுத்தவரின் பதவியையும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆவது உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கில் சேராது. தோட்டத்திலிருந்து இறங்கி வரச் சம்பளநாள்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியரோ விவசாயச் சங்கத்துச் செயலாளரோ அன்றே எழுதி அனுப்பட்டும். நாவலப்பிட்டியில் அதை எழுதித் தரவும் சத்தியக்கடதாசி முடித்துத் தரவும் சட்டத்தரணிகள் சிலர் ஆயத்தமாக இருக்கின்றோம், கட்டணம் இல்லை.