நாய்க்கடியும் மந்திரக்கயிறும்

நாய் கடித்தால் மந்திரிக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கடிவாயில் மிளகாய்ப் பொடியையும் சுண்ணாம்பையும் அப்பி, வேப்பிலை அடித்து, கையில் ஒரு கயிற்றையும் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். நாம் கண்டித்தால், "இப்படி எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள், தெரியுமா?" என்று நம்மையே மடக்குகிறார்கள்.

பிழைத்தது மெய்தான். எதனால் பிழைத்தார்கள் என்பதே நம் கேள்வி. கடிக்கின்ற நாய்களெல்லாம் வெறி கொண்டவையல்ல. வெறியில்லாத நாயிடம் கடிபட்டவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். அதை மந்திரவாதி தன் வரவில் எழுதிக்கொள்கிறான். வெறிநாய்க் கடியிலோ, கிருமி நரம்பு வழியே ஏறி மூளையைச் சேரப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை கயிறு வேலை செய்வதாகவே தோன்றும். பிறகு தண்ணீரைக் கண்டு அஞ்சி அவன் சாகும்போது பழி தலைவிதியின்மேல் போகிறது. வரவெல்லாம் மந்திரவாதிக்கு, செலவெல்லாம் தலைவிதிக்கு! இதைவிடச் சுலபமான வியாபாரம் உலகத்தில் உண்டா?

நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன்னோ காப்பாற்ற வழி உண்டு. 1885-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி பாரிசில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் தம் மருந்தைச் செலுத்துவித்தார், பையன் பிழைத்தான். நம் குன்னூரிலேயே 1907 முதல் இதற்கென ஒரு நிலையம் இருந்து வருகிறது. அப்படியிருந்தும், உலகில் ஆண்டுதோறும் இந்நோயால் சாகும் சுமார் 59,000 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தியர் என்றும், சாகிறவர்களில் பெருந்தொகையினர் குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறதென்றால், இது மருந்தின் குறையா, நம் புத்தியின் குறையா?

"எங்கள் வீட்டு நாய் ஜாதி நாய், அதற்கு வெறி வராது" என்பாரும் உண்டு. மனிதனுக்குக் கற்பித்த ஜாதிப் பித்தலாட்டத்தை நாய்க்கும் கற்பித்தாயிற்று! கிருமி ஜாதி கேட்டா நுழைகிறது? வாசலில் ஒரு தெருநாய் கடித்தால் போதும். வைரவர் வாகனமென்று கும்பிட்டு வடைமாலை சாத்துகிறவர்களைக் கேட்கிறோம்: அந்த வாகனத்திற்கு ஒரு ஊசி போட உங்கள் பக்திக்குத் தோன்றவில்லையே, ஏன்?

ஆகவே தோழர்களே! நாயோ பூனையோ வளர்க்கிறவர்கள், அதற்கு மூன்று மாதமானதும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். டாக்டர் சொல்லும் தவணை தவறாமல் வருஷாவருஷம் போடுங்கள். கடிபட்டால், வீட்டு நாய்தானே என்று இராமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகள் இப்போது கிடையா. கையில்தான் போடுகிறார்கள்; முதல் நாளும், பிறகு 3, 7, 28-ம் நாட்களிலும் தவறக்கூடாது. காயம் ஆழமானால் கடிவாயிலேயே போடும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

கயிறு நாயைக் கட்டுவதற்கு உதவும். நோயைக் கட்டுவதற்கு உதவாது.