சுத்தமான எரிபொருள் 500, அழுக்கு எரிபொருள் 100

‘டிராவலர்’ விளையாட்டில் விண்கப்பலுக்கு ஊற்றப்படும் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். கப்பல் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு தூரம் தாவினால் அதன் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு எரிபொருள் தீர்ந்துபோகும். இரண்டு பார்செக் தாவினால் ஐந்தில் ஒரு பங்கு. இந்த விளையாட்டில் ‘டன்’ என்பது எடை அல்ல; ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம், ஏறத்தாழ 14 கன மீட்டர். ஆகவே தொட்டிக்கு ஒதுக்கிய ஒவ்வொரு டன்னும் சரக்குக்கு இல்லாமல் போன டன். விண்வெளிக் கதைகளில் பெரும்பாலானவை எரிபொருளைப் பற்றி மூச்சே விடுவதில்லை. இந்த விளையாட்டு அதைக் கணக்கேட்டின் முதல் வரியில் வைத்தது.

மார்க் மில்லர் வடிவமைத்து, அமெரிக்காவில் 1977இல் வெளிவந்த டிராவலர், பிரிட்டனில் பரவியது லண்டன் வழியாக. 1975இல் லண்டன் வீடொன்றில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்ஷாப், 1978இல் ஹேமர்ஸ்மித்தில் கடை திறந்தது. அந்த நிறுவனத்தின் ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழில் டிராவலருக்கென்றே ‘ஸ்டார்பேஸ்’ என்ற பத்தி வந்தது. பகடை உருட்டி ஆடும் ஆட்டம்தான். ஆனால் கதையை நடத்தும் நடுவர் விதிப்புத்தகத்தோடு கணக்குப் பொறியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எரிபொருள் கிடைப்பது விண்துறைமுகத்தின் தரத்தைப் பொறுத்தது. ஏ, பி தரத் துறைமுகங்களில் சுத்திகரித்த எரிபொருள் டன் 500 கிரெடிட். சி, டி தரத்தில் கிடைப்பது சுத்திகரிக்காதது மட்டும், டன் 100. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. 200 டன் வணிகக் கப்பல் ஒரு பார்செக் தாவ 20 டன் வேண்டும். சுத்தமானதற்கு 10,000 கிரெடிட், அழுக்குக்கு 2,000. மிச்சமாகும் 8,000 நடுத்தர வகுப்புப் பயணி ஒருவரின் கட்டணத்துக்குச் சமம். கப்பலோ 40 ஆண்டுத் தவணைக் கடனில் வாங்கியது. மாதம் பிறந்தால் வங்கிக்குப் பணம் கட்டியாக வேண்டிய தலைவருக்கு 8,000 சும்மா வருகிற காசு அல்ல. பெட்ரோல் நிலைய வேலையில் நின்று லண்டனில் காலூன்றிய ஈழத்தமிழர்கள் ஏராளம். டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டு வந்து நிற்பவரின் முகம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விண்கப்பல் தலைவர் அதே காரியத்தைத் தெரிந்தே செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அழுக்கு எரிபொருளின் தண்டனை ‘தவறிய தாவல்’. ஒவ்வொரு தாவலுக்கும் இரண்டு பகடை உருட்ட வேண்டும்; 13 அல்லது அதற்கு மேல் வந்தால் தாவல் பிசகும். இரண்டு பகடையில் 12க்கு மேல் விழாது என்பதால், எரிபொருள் சுத்தமாகவும் பராமரிப்பு ஒழுங்காகவும் இருக்கும் கப்பலுக்கு ஆபத்து இல்லை. சுத்திகரிக்காத எரிபொருள் விழுந்த எண்ணைக் கூட்டிவிடும். ஒன்றே ஒன்று கூடினாலும் 36 தாவலுக்கு ஒன்று பிசகும். பிசகினால் கப்பல் எந்தத் திசையில், எத்தனை பார்செக் தள்ளிப் போய் விழும் என்பதையும் பகடையே சொல்லும். 36 பார்செக் வரை போகலாம். தொட்டி காலியாக, ஆளில்லாத இடத்தில் போய் நிற்பதுதான் உண்மையான தண்டனை.

அழுக்கு எப்படிக் கெடுக்கும் என்று விதிப்புத்தகம் விரித்துச் சொல்வதில்லை. அதற்கு வேதியியல் இருக்கிறது. ஹைட்ரஜன் திரவமாவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸில். நீர், அம்மோனியா, மீத்தேன் எல்லாம் அதற்கு வெகு முன்பே உறைந்து கட்டியாகிவிடும். குழாயையும் வால்வையும் அடைப்பது அந்தக் கட்டிதான். ஹீலியமோ அந்தக் குளிரிலும் வாயுவாகவே நின்று பம்பைக் கெடுக்கும்.

காசே கொடுக்காமல் நிரப்பவும் வழி உண்டு. வியாழன், சனி போன்ற வாயுக்கோளின் மேல்மண்டலத்தில் கப்பலை உரசவிட்டு ஹைட்ரஜனை அள்ளுவது அது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவுள்ள கப்பலால்தான் முடியும். பிரிட்டிஷ் வீட்டுக் கணினிகளில் 1984இல் வந்த ‘எலீட்’ விளையாட்டு இதையே சூரியனுக்கு மாற்றியது. கப்பல் அறையின் வெப்பமானி ஏற ஏற, விண்மீனை ஒட்டிப் பறந்து தொட்டியை நிரப்ப வேண்டும்.

டிராவலர் விதிகள் மிகவும் தாராளமாக நடந்துகொள்வது இந்த அள்ளுதலில்தான். வியாழனின் மேகமட்டத்தில் ஈர்ப்பு பூமியைப் போல இரண்டரை மடங்கு. சாதாரண வணிகக் கப்பலின் இயந்திரம் தருவது 1 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பளவு உந்துவிசை. அந்தக் கப்பல் வியாழனில் வேகம் இழந்தால் மேலே ஏறவே முடியாது. வியாழனின் சுழற்சியையும் இயந்திரத்தின் தாங்கலையும் கணக்கில் சேர்க்காவிட்டால், விழாமல் இருக்க நொடிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் உரச வேண்டும். அந்த வேகத்தில் வாய்க்குள் புகும் ஒவ்வொரு கிலோ வாயுவும் ஏறத்தாழ 880 மெகாஜூல் ஆற்றலோடு மோதும்; ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் கிடைப்பதைப் போல இருபது மடங்கு. அள்ளிய வாயுவைக் கப்பலின் வேகத்துக்கு இழுத்துக்கொள்ளவும் வேண்டும். அந்த இழுவையில் கப்பல் தளரும்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கருவி நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனுக்குள் புகுந்தது. 152 கிலோ எடையுள்ள வெப்பக் கவசத்தில் பாதிக்கு மேல் ஆவியாகிப் போனது. பாராசூட்டில் தொங்கியபடி சுமார் ஒரு மணி நேரம் தகவல் அனுப்பிவிட்டு அந்தக் கருவி அடங்கியது. கவசம் தாங்கியது ஒரே ஒரு முறைக்கு. மாதம் இரண்டு தரம் அள்ளப் போகும் வணிகக் கப்பலுக்கு ஒரு பகடை வீச்சு போதும் என்பது நடுவரின் பெருந்தன்மை.

டிராவலர் வெளிவந்த அதே ஆண்டுகளில், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி, வியாழனிலிருந்து எரிபொருள் எடுப்பது எப்படி என்ற இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஒரு காலத்தில் தலைமை வகித்த சங்கம் அது. அலன் பாண்டும் கூட்டாளிகளும் 1973 முதல் 1978 வரை வகுத்த ‘டேடலஸ்’ திட்டம், 5.9 ஒளியாண்டு தூரத்திலுள்ள பார்னார்டு விண்மீனுக்கு ஆளில்லாக் கலத்தை ஒளிவேகத்தின் 12 சதவீத வேகத்தில் அனுப்பும் வடிவமைப்பு. கலத்துக்கு 50,000 டன் அணுப்பிணைவு எரிபொருள் வேண்டும். அதில் ஒரு பகுதியான ஹீலியம்-3 பூமியில் அரிது, வியாழனில் உண்டு. உரசி அள்ளும் வழியை அவர்கள் எடுக்கவில்லை. வியாழனின் காற்றில் பிரமாண்டமான பலூன்களில் தொழிற்சாலைகளைத் தொங்கவிட்டு, இருபது ஆண்டுகள் வடித்தெடுத்துச் சுற்றுப்பாதைக்கு ஏற்றலாம் என்றார்கள். சுற்றிலும் ஹைட்ரஜனே நிறைந்த இடத்தில் ஹைட்ரஜன் பலூன் மிதக்காது. உள்ளிருக்கும் வாயுவைச் சூடாக்கினால்தான் மிதக்கும் என்பது வரை யோசித்திருந்தார்கள். அவசரம் இல்லாதவருக்கு இது சரியான வழி. வங்கித் தவணை தலைக்கு மேல் நிற்கும் தலைவருக்கு உதவாது.

துறைமுகத்தில் நிரப்புவதையும் விதிகள் பணம் கட்டும் வேலையாகவே பார்க்கின்றன. ஆனால் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். பகலில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. நுண்ணிய இடுக்கிலும் கசியும். நிஜத்தில் சுற்றுப்பாதையில் முதன்முதலாக எரிபொருள் மாற்றியது 1978 தொடக்கத்தில், சோவியத் புரோகிரஸ்-1 சரக்குக் கலம் சல்யூத்-6 விண்வெளி நிலையத்தின் தொட்டிகளை நிரப்பியபோது. அங்கே பயன்பட்டது வேறொரு நச்சு எரிபொருள் என்பதால் கலத்தைக் கழற்றும் முன் இணைப்புக் குழாய்களில் மிஞ்சியதைச் சுத்தமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. தரையிலும் இதே தலைவலிதான்: 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-டி5 ஏவப்படுவதற்கு 74 நிமிடம் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. கவுண்ட்டவுன் நின்றது, அந்தக் கட்டத்தையே மாற்றி, 2014 ஜனவரி 5இல்தான் ராக்கெட் கிளம்பியது. நிரப்பும்போது கசிவுக்கென்று தனியாக ஒரு பகடை வைக்காதது இந்த விதிகளின் குறை.

தொட்டி நிரம்பியதும் உடனே தாவவும் கூடாது. கோளின் விட்டத்தைப் போல 100 மடங்கு தூரம் விலக வேண்டும். அதற்குள் தாவினால் பிசகும் வாய்ப்பு தாறுமாறாக ஏறும். பூமியிலிருந்து அந்தத் தூரம் சுமார் 12.76 லட்சம் கிலோமீட்டர். பாதி வழி முடுக்கி, மீதி வழி தடை பிடித்துச் செல்லும் 1 ஜி கப்பலுக்கு ஆறேகால் மணி நேரம். வியாழனிலிருந்தோ 1.43 கோடி கிலோமீட்டர், 21 மணி நேரம். நிறைந்த தொட்டியோடு இத்தனை நேரம் திறந்த வெளியில் ஊரும் கப்பலுக்காகத்தான் கொள்ளையர் காத்திருப்பார்கள். விளையாட்டின் நல்ல கதைகள் பலவும் இந்த இடைவெளியில் பிறக்கும்.

இந்தக் கணக்குகளை மேசைக்குக் கொண்டுவர நடுவர் புதிய அட்டவணை எழுத வேண்டியதில்லை. எந்த வாயுக்கோள், அதன் ஈர்ப்பு எவ்வளவு என்று முதலில் கேட்டாலே போதும். யுரேனஸின் ஈர்ப்பு பூமியைவிடச் சற்றுக் குறைவு. சனியும் நெப்டியூனும் 1 ஜியைக் கொஞ்சம் தாண்டும். 1 ஜி கப்பல் வைத்திருப்பவர் யுரேனஸில் அள்ளலாம். சனியிலும் நெப்டியூனிலும் துணிந்தவர் முயலலாம், கடினமான பகடையோடு. வியாழனுக்குப் போவேன் என்று அடம்பிடிப்பவரிடம் நடுவர் இரக்கம் காட்டத் தேவையில்லை.